கேளுங்கள், பேசுவோம்: வீட்டுப் பத்திரத்தில் யார் பெயர்?

பகலில் பாலர் பள்ளியில் தமிழாசிரியை. சனிக்கிழமை மாலைகளில் அங் மோ கியோ புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் உள்ள வசிப்போர் குழு அறையில், தமிழ்ப் பெண்களோடு உட்கார்ந்து சட்டமும் கணக்கும் படிக்கும் ஒரு சிறு வட்டத்தை நடத்துகிறார். இருபதுகளின் கடைசியில் இருக்கும் இவர், "நான் பெண்ணியவாதி" என்று தயங்காமல் சொல்பவர். வாசகர் கேள்விகளுக்கு இந்த மாதம் இவர் பதிலளிக்கிறார். கேட்டவர்கள் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

என் மகளுக்கு 23 வயது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்து முடித்து வேலைக்குப் போகிறாள். கொஞ்ச நாளாக, சனிக்கிழமை வந்தால் பெண்கள் அமைப்பு, கூட்டம் என்று கிளம்பிவிடுகிறாள். "இப்படியே விட்டால் வரன் அமையாது" என்கிறார் என் நாத்தனார். அங்கே உண்மையில் என்னதான் செய்கிறார்கள்?
– ஒரு தாய், உட்லண்ட்ஸ்

அம்மா, உங்கள் மகள் போகும் அமைப்பு எது என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் வட்டத்தில் நடப்பதைச் சொல்கிறேன்.

நாலரை மணிக்குக் கூடுவோம். மதியச் சமையல் முடிந்திருக்கும், ராத்திரிச் சமையல் தொடங்கியிருக்காது. யாராவது ஒருவர் பெரிய ஃபிளாஸ்கில் டீ கொண்டுவருவார். வீட்டைப் பற்றிய பாடம் என்றால், எல்லாரும் கைப்பேசியில் அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் வழியாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கணக்கைத் திறப்போம். அண்மையில் அப்படித் திறந்தபோது, பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்யும் ஓர் அக்கா, "எனக்கு எதுக்கும்மா இது, அது எங்க வீடுதானே" என்று சொல்லிக்கொண்டே திரையைத் தள்ளிப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். உரிமையாளர் என்ற இடத்தில் கணவர் பெயர் மட்டும் இருந்தது. அக்காவின் பெயர் கீழே, குடியிருப்பவர்கள் பட்டியலில், பிள்ளைகளின் பெயர்களோடு இருந்தது. அந்த வீட்டுக் கடன் கட்டிய வருஷங்களில் மளிகை, கரண்டு, பள்ளிச் செலவெல்லாம் அவர் சம்பளத்தில்தான் நடந்திருக்கிறது. "கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன். இதை யாரும் சொல்லலையே" என்றார்.

அன்று மீதி நேரம் முழுக்க அதைத்தான் பேசினோம். கணவர் சம்மதித்தால் மனைவியையும் உரிமையாளராகச் சேர்க்க முடியுமா என்று வீவகவில் விண்ணப்பித்துக் கேட்கலாம். பெயர் இல்லாவிட்டாலும் மணவிலக்கு என்று வந்தால் திருமணச் சொத்தை நீதிமன்றம் பிரிக்கும்போது, வீட்டு வேலை செய்ததையும் பிள்ளை வளர்த்ததையும் பங்களிப்பாகவே கணக்கில் எடுக்கும். திருமணம், குடும்பம் பற்றிய சட்டமான மாதர் சாசனத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டால், அவர் பெயரில் உள்ளதில் மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி.

அப்புறம் மசே நிதி, அதாவது சம்பளத்திலிருந்து சேரும் மத்திய சேம நிதி. உயில் எழுதியிருந்தாலும் மசே நிதிப் பணம் அதில் அடங்காது. யாருக்குப் போக வேண்டும் என்று தனியாக நியமனம் செய்ய வேண்டும். கல்யாணம் ஆனால், அதற்கு முன் செய்த நியமனம் தானாகவே ரத்தாகிவிடும். ஆனால் மணவிலக்கு ஆனால் ரத்தாகாது. பிரிந்துபோன கணவர் பெயரையே விட்டு வைத்திருக்கும் பெண்கள் எங்கள் அறையிலேயே இருந்தார்கள். இதைக் கேட்டதும் பக்கத்துப் பெண்ணின் கைப்பேசியை வாங்கி அங்கேயே சரிபார்த்தவர்களும் உண்டு.

இவ்வளவுதான் அம்மா நாங்கள் செய்வது. பார்க்கச் சின்ன வேலை. ஆனால் சிங்கப்பூரில் பெண்களுக்கான சட்டம் பல இடங்களில் நன்றாகவே இருக்கிறது, நம் வீட்டுக் கதவு வரைக்கும் அது வந்து சேருவதில்லை. அதைக் கொண்டுவந்து சேர்ப்பது அரசாங்கத்தின் வேலை மட்டும் இல்லை, அக்கம்பக்கத்தில் இருக்கும் நம்முடைய வேலையும்தான் என்று நான் நம்புகிறேன்.

இதெல்லாம் புதுப் பழக்கம் என்று உங்கள் நாத்தனார் நினைத்தால், அவருக்குக் கொஞ்சம் பழைய கதை சொல்லுங்கள். 1932-ல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியது. அதில் முன்னின்ற கோ. சாரங்கபாணி 1935-ல் தமிழ் முரசு இதழைத் தொடங்கினார். 1943-ல் நேதாஜி சிங்கப்பூரில் பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையைத் தொடங்கியபோது, இங்கே மருத்துவராக இருந்த லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை தாங்கினார். மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர் அதில் சேர்ந்தார்கள். அவர்களுடைய அம்மாக்களும் வரனைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பார்கள். 1952-ல் ஷிரின் ஃபோஸ்தார், செச்சா டேவிஸ் போன்றவர்கள் சேர்ந்து சிங்கப்பூர் மாதர் மன்றத்தை அமைத்தார்கள். ஓர் ஆண் பல பெண்களை மணந்துகொள்ளலாம் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொல்லி அவர்கள் ஓயாமல் கேட்டார்கள். சட்டமன்றத்தில் சான் சோய் சியோங் அதற்காக வாதாடினார். 1961-ல் மாதர் சாசனம் வந்தது. நீங்களும் நானும் ஒரே மனைவி, ஒரே கணவர் என்ற ஏற்பாட்டை இயல்பாக எடுத்துக்கொள்வது அவர்கள் போட்ட சண்டையால்தான்.

வரன் விஷயம். வீட்டுப் பத்திரத்தில் தன் பெயர் இருக்கிறதா என்று கேட்கும் பெண் வேண்டாம் என்று திரும்பிப் போகிற வரன், போகட்டும் அம்மா. அடுத்த சனிக்கிழமை மகளோடு நீங்களும் ஒரு தடவை போய் உட்கார்ந்து பாருங்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் என் ஊர். கல்யாணமாகி நான்கு வருடம். கணவர் சிங்கப்பூரர், நான் நீண்டகால வருகை அனுமதியில் இருக்கிறேன். சின்னக் குழந்தை இருக்கிறான். குடித்தால் அடிக்கிறார், குடிக்காதபோது பேசியே கொல்கிறார். "போலீசுக்குப் போனால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவேன், பிள்ளை இங்கேதான் இருப்பான்" என்கிறார். பாஸ்போர்ட் அவர் அலமாரியில். ஊரில் சொன்னால் அம்மா தாங்கமாட்டார்.
– பெயர் வேண்டாம், செங்காங்

சகோதரி, இதழ் வெளிவரும்வரை காத்திருக்காமல் ஆசிரியர் குழு வழியாக உங்களுக்கு முன்பே பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில், அவர் சொல்வது போல அவரால் செய்துவிட முடியாது. உங்களை விமானத்தில் ஏற்றும் அதிகாரம் எந்தக் கணவருக்கும் கிடையாது. அனுமதி பற்றிய முடிவை எடுப்பது குடிநுழைவு ஆணையம். அந்த அனுமதி அவருடைய ஆதரவில் நிற்பதால் உங்களுக்கு வரும் பயம் நியாயமானது, அதை நான் மறைக்கவில்லை. அதனால்தான் தனியாக முடிவெடுக்காமல், இதிலேயே பழகியவர்களின் துணையோடு அடி எடுத்து வைக்கச் சொல்கிறேன். அவர் உங்களைத் துன்புறுத்தக் கூடாது என்று நீதிமன்றம் போடும் பாதுகாப்பு உத்தரவைக் கேட்பதற்கு நீங்கள் குடிமகளாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டியதில்லை.

1800-777-0000 என்ற எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப வன்முறைக்கும் பாலியல் துன்புறுத்தலுக்குமான தேசிய உதவி எண் அது. 24 மணி நேரமும் எடுப்பார்கள். தமிழ் பேசுபவர் வேண்டும் என்று கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்கவே வேண்டாம், 999. அவர் உங்கள் கைப்பேசியைச் சோதிப்பவர் என்றால் அதிலிருந்து பேசாதீர்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் பலதுறை மருந்தகத்துக்குப் போவீர்கள் இல்லையா, அங்கே தாதியிடம் தனியாக ஒரு வார்த்தை சொன்னால் போதும். காயம் இருந்தால் மருத்துவரிடம் எப்படி வந்தது என்று உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். "படியில் விழுந்தேன்" என்று சொன்னால் பதிவேட்டில் அதுதான் ஏறும். நாளைக்கு நீதிமன்றத்தில் உங்களுக்குத் துணையாக நிற்க வேண்டிய தாள் அது.

தனிநபர் பாதுகாப்பு உத்தரவு என்பது என்ன? குடும்ப நீதிமன்றத்தில் நேரடியாகவோ, குடும்ப வன்முறைக்கான சிறப்பு நிலையங்கள் வழியாகவோ விண்ணப்பிக்கலாம். நடந்ததை நாள், இடத்தோடு எழுதிக் கொடுத்து உறுதிமொழி எடுக்க வேண்டும். உடனடி ஆபத்து இருக்கிறது என்று நீதிபதி கருதினால், அவரை விசாரிப்பதற்கு முன்பே ஓர் அவசர உத்தரவு தருவார். விசாரணை முடிந்து முழு உத்தரவு கிடைத்தால், அவர் மறுபடி கை ஓங்குவது குற்றம். தேவைப்பட்டால் வீட்டில் ஒரு பகுதிக்கோ முழு வீட்டுக்குமோ அவர் வரக்கூடாது என்றும், இருவரும் ஆலோசனைக்குப் போக வேண்டும் என்றும் நீதிமன்றம் சொல்லலாம். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்டு. உத்தரவு வாங்குவதற்கு நீங்கள் மணவிலக்குக் கேட்க வேண்டியதில்லை. எங்கள் வட்டத்தில் அடிக்கடி திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது இதைத்தான், ஏனென்றால் "கோர்ட்டுக்குப் போனா குடும்பம் போச்சு" என்ற பேச்சு அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது.

அடிதான் வன்முறை என்று நினைக்காதீர்கள். 2025 தொடக்கத்தில் நடப்புக்கு வந்த மாதர் சாசனத் திருத்தத்தில், மனத்தை நோகடித்து ஒடுக்குவதும், ஒருவரைக் கட்டுப்பாட்டிலேயே வைத்திருப்பதும் குடும்ப வன்முறை என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இன்னொன்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் இப்படி எழுதும் பெண்கள் நேரில் பேசும்போது சொல்வார்கள்: கணவனே ஆனாலும் விருப்பமில்லாமல் தொட்டால் அது பாலியல் வன்கொடுமைதான். 2020 ஜனவரி 1 முதல் அந்தக் குற்றத்துக்குக் கணவன் என்ற விலக்கு சிங்கப்பூரில் இல்லை.

பாஸ்போர்ட் உங்களுடையது. அதைப் பூட்டி வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. முடிந்தால் அதையும், திருமணச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இவற்றையும் படம் எடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைத்திருக்கச் சொல்லுங்கள். வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தால் குழந்தையோடு தங்க நெருக்கடிக்காலத் தங்குமிடங்கள் இருக்கின்றன, உதவி எண்ணில் பேசுபவர்களே ஏற்பாடு செய்வார்கள். ஆனால் யாரிடமும் சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போவதற்கு முன் கட்டாயம் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். அந்த அவசரத்தால் பிள்ளையின் பராமரிப்பு வழக்கே சிக்கலாகிவிடலாம்.

தமிழ் முஸ்லிம் சகோதரிகள் சிலர் "இது எங்களுக்குப் பொருந்தாதே" என்று கேட்கிறார்கள். உங்கள் திருமணமும் மணவிலக்கும் ஷரியா நீதிமன்றத்தின்கீழ் வரும், ஆனால் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாப்பு உங்களுக்கும் இதேதான்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். "கொஞ்சம் பொறுத்துப் போ" என்று இந்தப் பெண்ணிடம் சொன்ன உறவுக்காரர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன்: பொறுத்துப் போகச் சொல்லி அந்தப் பக்கம் யாரிடமாவது போய்ச் சொன்னீர்களா? எனக்கு இதில் வரும் கோபத்தை அடக்கி எழுத விருப்பமில்லை. சகோதரி, உங்கள் அம்மா உங்கள் உண்மையைத் தாங்குவார். மறைத்து வைத்து ஒரு நாள் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தால் அதைத்தான் தாங்கமாட்டார்.

பெண்கள் அமைப்புகளால்தான் இன்று குடும்பங்கள் உடைகின்றன. எல்லாச் சட்டமும் பெண்ணுக்குத்தான். ஆணுக்கு யார் இருக்கிறார்கள்?
– ஓய்வு பெற்ற வாசகர், ஜூரோங் வெஸ்ட்

ஐயா, நேராகக் கேட்டதற்கு நன்றி. மேலே செங்காங் சகோதரி எழுதியிருக்கும் வீட்டை உடைத்தது எந்த அமைப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

பாதுகாப்பு உத்தரவு ஆண்களும் கேட்கலாம். மகனோ மருமகளோ கை நீட்டினால் வயதான தந்தையும் கேட்கலாம். உடலாலோ மனத்தாலோ இயலாமல் போன கணவர் மனைவியிடம் பராமரிப்புத் தொகை கேட்கவும் மாதர் சாசனத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு வழி இருக்கிறது. பிள்ளைகள் கைவிட்டால் 60 வயது நிரம்பிய பெற்றோர் 1995-ல் இயற்றப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் கேட்கலாம், அதில் அப்பா, அம்மா பேதம் இல்லை.

தந்தையர் விடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து பிறந்த குழந்தைகளுக்கு, தகுதியுள்ள அப்பாக்களுக்கு அரசாங்கம் சம்பளம் தரும் நான்கு வார விடுப்பை முதலாளிகள் கொடுத்தே ஆக வேண்டும். அப்பாவும் பிள்ளையைத் தூக்கி வளர்க்க நேரம் வேண்டும் என்று பல வருஷமாகக் கேட்டவர்களில் பெண்கள் அமைப்புகள் முன்வரிசையில் இருந்தன. 'அவேர்' என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1983-ல் பட்டதாரிப் பெண்கள் அதிகம் பிள்ளை பெறுவதில்லை என்று எழுந்த பெரிய விவாதத்துக்குப் பிறகு, பெண்ணைப் பிள்ளை பெறுபவளாக மட்டும் எண்ணிப் பேசாதீர்கள் என்று சொல்ல 1985-ல் தொடங்கிய சங்கம் அது. 1979 முதல் இங்கே மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடம் இல்லை என்ற வரம்பு இருந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அது நீங்கியது 2003 சேர்க்கையில்தான். உங்களுக்குப் பேத்தி இருந்து, அவள் மருத்துவராக ஆசைப்பட்டால், அந்தக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தவர்களை நீங்கள் குறைசொல்ல மாட்டீர்கள்.

எங்கள் சனிக்கிழமை வகுப்புக்கு உயில் பற்றிக் கேட்க ஆண்களும் வருகிறார்கள். நீங்களும் வரலாம்.

சிங்கப்பூரில் எல்லாருக்கும்தான் ஆங்கிலம் தெரியுமே. இதையெல்லாம் ஏன் தமிழில் நடத்துகிறீர்கள்?
– ஒரு வாசகர், பொங்கோல்

எல்லாருக்கும் தெரியாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகம் தமிழே பேசுபவர்கள் நூற்றுக்கு 2.5 பேர்தான் என்பது உண்மை. ஆனால் துப்புரவு வேலைக்குப் போகும் அக்காவும் கல்யாணமாகி வந்த பெண்ணும் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியும் அந்த 2.5-க்குள்தான் பெரும்பாலும் இருக்கிறார்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும்கூட, அடிபட்டதைச் சொல்லும்போது தமிழுக்கு வந்துவிடுகிறார்கள். கேட்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு 19 வயது. எங்கள் வட்டாரத்திலும் உங்களைப் போல ஒரு வட்டம் தொடங்க ஆசை. பதிவு செய்ய வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?
– பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, தெம்பனிஸ்

தங்கச்சி, உன் கடிதத்தைப் படித்ததும் அன்று முழுக்க மனது நிறைந்திருந்தது. உரிமையோடு "நீ" என்றே எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் உள்ள சங்கம் என்றால் சங்கப் பதிவகத்தில் பதிய வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டில் படிப்பதற்குப் பதிவு வேண்டாம். பொதுமக்களை அழைத்து உள்ளரங்கில் பேச்சு வைத்தால், ஏற்பாடு செய்பவரும் பேசுபவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், பேச்சு இனம், சமயம் பக்கம் போகக்கூடாது. இல்லையென்றால் காவல்துறையின் அனுமதி தேவை. திறந்த வெளியில் என்றால் விதிகள் வேறு, கடுமையும் கூட. ஆகவே சமூக மன்றத்தில், நூலகத்தில், குடும்ப சேவை நிலையத்தில் அறை கேட்டுப் பார். ஏற்கெனவே நடக்கும் ஏதாவதொன்றில் உன் வகுப்பைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வது இன்னும் சுலபம். முதல் நாளே வரவு செலவு நோட்டுப் போட்டுவிடு. ஐந்து வெள்ளிக்கும் கணக்கு வேண்டும். பணம் வாங்காவிட்டாலும் வேண்டும்.

இனி நடத்தும் விதம். இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

மேடை போடாதே. நாற்காலிகளை வட்டமாகப் போடு, நீயும் அதில் ஒன்றில் உட்கார். "இன்று பெண்ணுரிமை பற்றிப் பேசப்போகிறோம்" என்று தொடங்கினால் அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள். அவர்கள் கையில் ஏதோ ஒரு கடிதம் இருக்கும். வீவகவிலிருந்து, மருத்துவமனையிலிருந்து, பிள்ளையின் பள்ளியிலிருந்து வந்து, புரியாமல் பையில் மடித்து வைத்திருக்கும் கடிதம். அதை எடுக்கச் சொல், எல்லாரும் சேர்ந்து படியுங்கள். அதிலிருந்தே சட்டமும் வரும், வீட்டுக் கதையும் வரும். யாரையும் தன் கதையைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதே. சொன்னால் அது அந்த அறையைவிட்டு வெளியே போகக்கூடாது. நம்முடையது சின்னச் சமூகம். தேக்காவில் காய்கறி வாங்கும் இடத்தில் ஒருத்தி பேசினால் கோயிலுக்கு அவள் போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் வகுப்பு வைக்காதே. எங்களுக்குக் கல்லூரித் தம்பிகள் இரண்டு பேர் மூலையில் பாய் விரித்து வண்ணம் தீட்ட வைக்கிறார்கள். அவர்களும் எங்கள் தொண்டூழியர்கள்தான். அம்மாக்கள் படிக்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆணை, அந்தப் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கையில் கொடுக்கும் தாளைப் பற்றியும் யோசி. "குடும்ப வன்முறையா? அழையுங்கள்" என்று பெரிய எழுத்தில் அச்சடித்த தாளை எந்தப் பெண் வீட்டுக்கு எடுத்துப்போவாள்? நாங்கள் ராகு காலம், எமகண்டம் போட்ட நாள்காட்டி அட்டை அடித்தோம். பின்பக்கம் நூலகம், மருந்தகம், நகர மன்றம் என்று பொதுவான எண்களின் வரிசை. அதற்கு நடுவில் அந்த 1800 எண்ணும் இருக்கும். அது சமையலறைச் சுவரில் வருஷம் முழுக்கத் தொங்குகிறது.

கடைசியாக, நீ மட்டுமே நடத்தும் வட்டமாக அது ஆகிவிடாமல் பார்த்துக்கொள். கையெழுத்து நல்லா இருக்கிற ஒருவர் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளட்டும், வங்கியில் வேலை செய்தவர் கணக்கைப் பார்க்கட்டும். எங்கள் வீவக பாடத்தை இப்போது நடத்துவது அந்தத் துப்புரவு அக்காதான். நான் சொல்லும்போது கேட்டதைவிட அவர் சொல்லும்போது நன்றாகக் கேட்கிறார்கள்.

உங்களுக்கு இதில் சம்பளம் உண்டா? வீட்டில் என்ன சொல்கிறார்கள்?
– வாசகி, புக்கிட் பாத்தோக்

சம்பளம் இல்லை. பாலர் பள்ளிச் சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கிறது. அப்பா ஆரம்பத்தில் பேசாமல் இருந்தார், இப்போது அட்டைகளை அச்சகத்திலிருந்து தூக்கி வருபவர் அவர்தான்.

நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து பணிப்பெண்ணாக வந்திருக்கிறேன். மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் விடுப்பு. பத்தாவது வரை படித்தேன், கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள ஆசை. பெண்கள், பெண்கள் என்று பேசுகிறீர்களே, அதில் எங்களுக்கும் இடம் இருக்கிறதா?
– குரல் செய்தியில் வந்த கேள்வி

இருக்கிறது. இல்லாவிட்டால் நாங்கள் பேசுவதில் அர்த்தமே இல்லை. இந்த ஊரில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பெண்கள் வீட்டு வேலை செய்கிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போக முடிவதில் அவர்களுக்கு எவ்வளவு பெரிய பங்கு இருக்கிறது என்பதை நம் குடும்பங்கள் சத்தமாகச் சொல்வதில்லை. வேலை நியமனச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்கு இல்லை, அவர்களுக்கென்று வேறு விதிகள். இது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2001-ல் இந்தோனேசியப் பணிப்பெண் ஒருவர் இங்கே முதலாளியால் கொடுமைப்படுத்தப்பட்டு இறந்தார். அந்தச் செய்தியைத் தாங்க முடியாத சிலர் கூடிப் பேசத் தொடங்கினார்கள். பிரேமா மதி அவர்களில் முன்னின்றவர். அது வளர்ந்து 2004-ல் 'டிடபிள்யூசி2' என்ற அமைப்பாகப் பதிவானது. பணிப்பெண்களுக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் இன்றும் அது துணை நிற்கிறது. 'ஹோம்' என்ற அமைப்பும் இருக்கிறது.

உங்கள் விடுப்பு விஷயம்: 2013 முதல் வாரம் ஒரு ஓய்வு நாள் உங்கள் உரிமை. நீங்கள் சம்மதித்தால் மட்டும், அந்த நாளில் வேலை செய்து அதற்குத் தனிச் சம்பளம் வாங்கிக்கொள்ளலாம். 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு நாளையாவது பணம் கொடுத்துக்கூட ஈடுகட்ட முடியாது, விட்டே ஆக வேண்டும். அந்த ஒரு ஞாயிறு உங்களுக்குக் கிடைக்கிறது. மற்ற ஞாயிறுகளுக்குச் சம்பளத்தோடு கூடுதல் பணம் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் முதலாளியம்மாவிடம் முதலில் பணிவாகக் கேளுங்கள். சரிப்படவில்லை என்றால் மனிதவள அமைச்சிடமோ, தொழிற்சங்கக் காங்கிரஸ் நடத்தும் இல்லப் பணியாளர் நிலையத்திடமோ பேசலாம்.

கம்ப்யூட்டர் வகுப்பு 'ஃபாஸ்ட்' என்ற சங்கத்திலும் 'ஹோம்' அமைப்பிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். 'ஐடா' என்ற அமைப்பில் பணத்தைச் சேமிப்பது, சிறு தொழில் தொடங்குவது பற்றிச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அங்கெல்லாம் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழில் தொடங்கினால் உங்களுக்கு வசதி என்றால், எங்கள் வட்டத்துத் தங்கைகள் இரண்டு பேர் மடிக்கணினியோடு தேக்கா பக்கம் வரத் தயாராக இருக்கிறார்கள். அடுத்த மாதம் உங்களுக்கு எந்த ஞாயிறு விடுப்பு என்று ஆசிரியர் குழுவுக்கு இன்னொரு குரல் செய்தி அனுப்புங்கள். கட்டணம் இல்லை. உங்களைப் போலக் கேட்கும் தோழிகள் இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள்.